மாண்ட்ரியல் என்று சொன்னால் காபி

ரஃபீகா ஸுவாரி யாரையும் நம்பாதவர் என்று நான் சொன்னால் அதை ரஃபீகாவே நம்பமாட்டார். யார் சொன்னது, எதைப் பார்த்துச் சொன்னார், அப்படிச் சொல்வதில் அவருக்கு என்ன லாபம் என்று கேட்பார். எங்கள் அரபு நாட்டில், அரியானா என்ற ஊரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் இந்தக் குணத்துக்காகத்தான் அவருக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் இதே குணத்தை அவர் கணவர் ஷுக்ரி இலவசமாக அனுபவித்து வருகிறார்.

நாங்கள் செய்வது கம்பைலர். மனிதர் எழுதும் புரோகிராமை வாங்கி, இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் அது. அதைக் கட்டுவதற்கு ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். கட்டியதில் ஓட்டை தேடுவது ரஃபீகா. ஓட்டையே இல்லாதது போலக் கையேடு எழுதுவது நான்.

ஓட்டை தேடுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு வாடிக்கையாளர் மைல் நீளத்துக்குப் புரோகிராம் ஒன்றை அனுப்பி, இதைக் கொடுத்தால் உங்கள் கம்பைலர் செத்து விழுகிறது என்பார். எந்த வரியால் செத்தது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கண்ணால் படித்துத் தேடுவது நடக்காத காரியம். அதற்காக ஒரு கருவி வைத்திருக்கிறோம். அலுவலகத்தில் அதன் பெயர் கத்தரிக்கோல். அது புரோகிராமில் ஒரு துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கம்பைலரிடம் கொடுக்கும். இன்னும் சாகிறதா? சாகிறது என்றால் வெட்டிய துண்டு நிரபராதி, அது குப்பைக்குப் போகலாம். சாகவில்லை என்றால் அந்தத் துண்டில் ஏதோ விஷயம் இருக்கிறது, திரும்ப ஒட்டு. பிறகு அடுத்த துண்டு. இப்படியே வெட்டி, ஒட்டி, வெட்டி, கடைசியில் இரண்டு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய வரிகள் மிஞ்சும். குற்றம் அதற்குள்தான் இருந்தாக வேண்டும்.

கத்தரிக்கோலுக்குப் புரோகிராமும் புரியாது, கம்பைலரும் புரியாது. வெட்டுவதற்கு முன்னால் அதற்கு ஒரு கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ வந்துகொண்டிருக்கும்வரை அது வெட்டிக்கொண்டே போகும். அந்தக் கேள்வியை எழுதுவது ரஃபீகா. எந்தக் கருவியிலும் இவ்வளவு பணிவு இருப்பது நல்லதில்லை என்று நான் ஒருமுறை சொன்னேன். “பணிவா இருக்கறவங்களப் பாத்தா எனக்கும் சந்தேகம்தான். ஆனா இது மனுஷன் இல்லையே” என்றார்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் எங்களிடம் மெஹ்ரெஸ் என்று ஒருவர் இருந்தார். கம்பைலரில், யாருக்கும் வேண்டாத வரிகளைக் கண்டுபிடித்துத் தூக்கி எறியும் பகுதியை எழுதியவர். ஒருநாள் மாண்ட்ரியலில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் எந்தத் தப்புக்கும் ஒரே பதில்தான். கம்பைலர் மெதுவாக ஓடுகிறதா? மாண்ட்ரியல். பிரிண்டர் காகிதத்தை மென்று துப்புகிறதா? மாண்ட்ரியல். முதலாளி லுத்ஃபியின் கார் கிளம்பாத அன்றுகூட யாரோ வாசலில் நின்று அந்த ஊரின் பெயரைச் சொன்னார்கள்.

ரஃபீகாவுக்கு இது பிடிக்கவில்லை. ஊரில் இல்லாத ஆளைச் சந்தேகப்படுவது சோம்பேறிகளின் சந்தேகம் என்பது அவர் கட்சி. அவர் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் யார் மாண்ட்ரியல் என்று சொன்னாலும் கீழே கடைக்குப் போய் எல்லோருக்கும் காபி வாங்கி வர வேண்டும். அதிகம் வாங்கி வந்தது மொஞ்ஜி.

மொஞ்ஜி, புரோகிராமில் திரும்பத் திரும்பச் சுற்றும் லூப்களை நேராக்கி வேகப்படுத்தும் பகுதியை எழுதுகிறவன். கெட்டிக்காரன். ஆனால் சீட்டியடிப்பான். ரஃபீகா பக்கத்தில் வந்தால் திரையில் ஏதோ ஒரு ஜன்னலை மூடுவான். சந்தேகப்பட இந்த இரண்டில் ஏதாவது ஒன்றே அவருக்குப் போதும். இவனிடம் இரண்டும் இருந்தன.

அந்தக் கோடையில் ஸூஸாவில் லிஃப்டுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு புரோகிராம் வந்தது. கம்பைலர் அதை வாயில் போட்டதும் செத்தது. சாகும்போது அது எங்கே சாகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சாகும். எழுதியிருந்தது மொஞ்ஜியின் பகுதியின் பெயர்.

“இது மாண்ட்ரியல் வேலை” என்றான் மொஞ்ஜி, பார்த்த உடனே.

“போ, காபி” என்றார் ரஃபீகா.

“நெஜமாத்தான் சொல்றேன் லல்லா. எனக்கு முன்னால இருக்கற பகுதி எதையோ கெடுத்துக் குடுத்திருக்கும். பொணம் என் வாசல்ல கெடக்குது, அவ்ளோதான்” என்றான். பெண்ணை லல்லா என்பதும் ஆணை ஸி என்பதும் எங்கள் ஊர் மரியாதை.

“வாசல்ல பொணம் கெடந்தா முதல்ல யாரைப் பிடிப்பாங்க?”

“எனக்கு சர்க்கரை கம்மியா” என்றார் உள்ளேயிருந்து லுத்ஃபி.

அவன் சிரித்துக்கொண்டேதான் போனான். ஆனால் சிரிக்கிற விஷயமில்லை. செப்டம்பரில் புதிய பதிப்பு வெளியாக வேண்டும், அதே செப்டம்பரில் மொஞ்ஜியின் வேலை ஒப்பந்தமும் முடிகிறது. பதிப்பில் அவன் பகுதி இருந்தால் ஒப்பந்தம் நீளும், இல்லாவிட்டால் நீளாது. இதை லுத்ஃபி வாய்விட்டுச் சொன்னதில்லை. நல்ல முதலாளி, எல்லாவற்றையும் நாங்களே புரிந்துகொள்ளும்படி விட்டுவிடுவார்.

ரஃபீகா கேள்வியை எழுதி, கத்தரிக்கோலை ஓடவிட்டார். கோடையில் எங்கள் ஊர் மத்தியானத்தோடு கடையைக் கட்டிவிடும். எல்லோரும் வீட்டுக்கோ லா மார்ஸா கடற்கரைக்கோ போய்விடுவோம். கத்தரிக்கோல் மட்டும் வெட்டிக்கொண்டிருக்கும். அந்த வாரம் மொஞ்ஜியும் வீட்டுக்குப் போகாமல் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தான். காபெஸிலிருந்து அக்கா குடும்பம் வந்திருக்கிறது, பிள்ளைகள் தலையில் ஏறி ஆடுகின்றன, வீட்டில் ஏசியும் இல்லை என்றான். நான் நம்பினேன். ரஃபீகா கிளம்பும்போது கைப்பையிலிருந்து ஒரு சூரியகாந்தி விதையை எடுத்து, கத்தரிக்கோல் ஓடும் கம்ப்யூட்டரின் கீபோர்டில், என்டர் பட்டன்மேல் பதமாக வைத்தார்.

மறுநாள் காலையில் விதை இல்லை.

“மொஞ்ஜி, நேத்து இந்த மெஷினைத் தொட்டியா?”

“இல்ல லல்லா.”

“இது மேல ஒரு விதை இருந்துது.”

“ஆமா. தின்னுட்டேன். உப்பே இல்ல.”

“தொடலைன்னும் சொல்ற, தின்னேன்னும் சொல்ற.”

“விதையைத்தான் தொட்டேன், பட்டனைத் தொடல. எதுக்கு லல்லா அங்க வெச்சீங்க, எலிக்கா?”

“ஆமா” என்றார் ரஃபீகா.

கத்தரிக்கோல் முடித்தபோது எட்டு வரி மிஞ்சியிருந்தது. அந்த எட்டு வரியைக் கொடுத்தால் கம்பைலர் சுருண்டு விழுந்து, மொஞ்ஜி பகுதியின் பெயரைச் சொல்லிச் செத்தது. ரஃபீகா அதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார். எல்லோரும் கூடிவிட்டோம். மொஞ்ஜி வெகுநேரம் பார்த்தான்.

“இது என் தப்புதான்” என்றான்.

ரஃபீகா தலையசைத்தார்.

“ஆனா இது அது இல்ல.”

“எது எது இல்ல?”

“இந்த லூப்பைப் பாருங்க. ஒரு தடவைகூட ஓடாத லூப். ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே முடிஞ்சிடுது. லிஃப்ட் செய்யற மனுஷன் இதை ஏன் எழுதப் போறான்? ஒவ்வொரு மாடியா வெட்டி வெட்டிக் கடைசில மாடியே இல்லாத கட்டடத்துக்கு லிஃப்ட் போட்டிருக்கு உங்க கத்தரிக்கோல். அந்த மாதிரி ஒண்ணு வந்தா நான் செத்துடுவேன், ஒத்துக்கறேன். ஆனா ஸூஸாக்காரன் அதை அனுப்பவே இல்லையே.”

“ஒத்துக்கறியா இல்லையா? ஒண்ணைச் சொல்லு.”

“ரெண்டும்.”

போலீஸில் மாட்டிக்கொண்டவர்கள் பேசுவது போலவே இருந்தது. எனக்கே லேசாகச் சந்தேகம் வந்தது. ரஃபீகா என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

அன்றே அவன் அந்தத் தப்பைச் சரிசெய்தான். எட்டு வரியைக் கொடுத்தோம், கம்பைலர் பிழைத்தது. ஸூஸாவின் முழுப் புரோகிராமைக் கொடுத்தோம். செத்தது. அதே இடத்தில், அதே பெயரைச் சொல்லி.

லுத்ஃபி அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் வெளியே வந்து பேசினால் முடிவெடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

“மொஞ்ஜி, செப்டம்பர் பதிப்புல லூப் பகுதி வேண்டாம். மெதுவா ஓடினாலும் பரவால்ல, லிஃப்டுல ஆளுங்க போறாங்க. மத்ததைத் திங்கக்கிழமை உக்காந்து பேசலாம்.”

“ஸி லுத்ஃபி, நான் சொன்னது...”

“திங்கக்கிழமை.”

அன்று அவன் சீட்டியடிக்கவில்லை. “ஏன் அடிக்கலை?” என்று ரஃபீகா என் காதில் கேட்டார். அடித்தாலும் குற்றம், அடிக்காவிட்டாலும் குற்றமா என்றேன். “எதையாவது நிறுத்தினா காரணம் இருக்கும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. மீன் போட்ட குஸ்குஸ். மேசையில் நாங்கள் மூன்று பேர். வீட்டில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை.

“பூனையைத் தேடறீங்களா? அது என் தங்கச்சி வீட்ல இருக்கு” என்றார் ஷுக்ரி. “டிவி இருந்த இடத்தைப் பாருங்க, அது பக்கத்து வீட்ல. மல்லிகைத் தொட்டி மாடில. காபி மூணு வாரமா இல்ல. ஹரீஸா மிளகாய் விழுது இப்பத்தான் திரும்பி வந்திருக்கு, அது நிரபராதியாம்.”

விஷயம் இதுதான். ஷுக்ரிக்கு மாலையில் தலைவலி. ரஃபீகா கத்தரிக்கோல் முறையிலேயே இறங்கிவிட்டார். ஒன்றை எடுப்பார், மாலையில் தலை வலிக்கிறதா என்று கேட்பார். வலிக்கிறது என்றால் எடுத்தது நிரபராதி. ஆனாலும் முழுதாக நம்பாமல், பெரும்பாலானவற்றைத் திருப்பி வைக்கவில்லை.

“இப்படியே போனா வீட்ல நானும் இவளும்தான் மிஞ்சுவோம்” என்றார் ஷுக்ரி என்னிடம். “அப்பறம் எடுக்கறதுக்கு யாரு இருக்கான்னு யோசிச்சுப் பாத்தேன். பயமா இருக்கு.”

“சும்மா இரு. தலை வலிக்குதா இப்ப?”

ஷுக்ரி கரண்டியைக் கீழே வைத்தார்.

“இவ்ளோ நேரம் இல்ல.”

“அப்படின்னா?”

“காலைலேருந்து நல்லாத்தான் இருந்தேன். நீ கேட்ட உடனே உள்ள போய்த் தேடறேன். தலையில வலிக்குதான்னு கேட்டா தலையிலதானே தேடுவேன்? இந்த வயசுல தேடினா ஏதாவது ஒண்ணு அகப்படத்தான் செய்யும். கழுத்துல வலிக்குதான்னு கேட்டிருந்தா கழுத்துல கண்டுபிடிச்சுக் குடுத்திருப்பேன். கழுத்துலதான் நெஜமாவே வலி, அதை யாரும் கேக்கல.”

ரஃபீகா மீன் முள்ளை விரலில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஷுக்ரியின் பேச்சால் கோபம் என்று நினைத்தேன்.

“அவன் பேரைக் கேள்வியில எழுதினேன்” என்றார் கடைசியில்.

“யார் பேரை?”

“மொஞ்ஜி. ‘கம்பைலர் சாகுதா, அதுவும் மொஞ்ஜி பகுதியில சாகுதா?’ அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். எந்த மாதிரி சாவு, என்ன சொல்லிட்டுச் செத்துதுன்னு கேக்கல. அவன் எடத்துல எந்தச் சாவா இருந்தாலும் போதும்னு ஆயிடுச்சு. கத்தரிக்கோல் ஸூஸாக்காரன் சாவை விட்டுட்டு, வழியில சின்னதா வேற ஒரு சாவு கெடச்சதும் அதைப் பிடிச்சுக்கிச்சு.”

“அப்ப மொஞ்ஜி ‘ரெண்டும்’னு சொன்னது?” என்றேன்.

“ரெண்டும் நெஜம்தான்.”

“யாரு மொஞ்ஜி?” என்றார் ஷுக்ரி, சந்தேகமாக.

திங்கட்கிழமை காலை ரஃபீகா நேராக லுத்ஃபி அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. அந்த அலுவலகத்தில் மூடிய கதவை அவர் அனுமதிப்பதில்லை.

“மொஞ்ஜிகிட்ட இன்னிக்குப் பேசாதீங்க ஸி லுத்ஃபி.”

“ஏன் மதாம் ரஃபீகா?”

“என் கேள்வி சரியில்ல.”

லுத்ஃபி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உங்களுக்கு உடம்பு ஏதும்...?”

“உடம்பு நல்லா இருக்கு. சந்தேகப்பட வேண்டிய ஆளுங்க கணக்குல என்னையும் சேத்துக்கங்க. கத்தரிக்கோல் முடிக்கட்டும், அப்பறம் யாரை வேணா வீட்டுக்கு அனுப்புங்க.”

புதிய கேள்வியில் யாருடைய பெயரும் இல்லை. கம்பைலர் சாகும்போது சொன்ன கடைசி வார்த்தைகள் எழுத்துப் பிசகாமல் அப்படியே வர வேண்டும் என்று எழுதினார். கூடவே, கம்பைலரின் பகுதி ஒவ்வொன்றும் அடுத்த பகுதிக்குச் சரக்கைக் கைமாற்றும் வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினார். சரக்கு உருப்படியாக இருக்கிறதா என்று சோதிக்கும் காவலாளி. அது முன்பே எங்களிடம் இருந்ததுதான். ஓட்டம் மெதுவாகிறது என்று அணைத்து வைத்திருந்தோம். எல்லாவற்றையும் சோதிக்கும் ரஃபீகாவேதான் அதை அணைத்தவர்.

கத்தரிக்கோல் அன்று மத்தியானம் தாண்டியும் வெட்டியது. யாரும் கடற்கரைக்குப் போகவில்லை. மொஞ்ஜி தன் மேசையில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரஃபீகா அருகில் போனார். அவன் வழக்கம்போலத் திரையில் ஒரு ஜன்னலை மூடினான்.

“என்ன அது?”

“வேலை தேடற பக்கம் லல்லா. போன வாரம் வரைக்கும் ஃபுட்பால்.”

ரஃபீகா தன் இடத்துக்குத் திரும்பினார்.

கடைசியில் மிஞ்சியது ஆறு வரி. ஆறாவது வரிக்குத் தேவைப்பட்ட ஒன்றை, யாருக்கும் வேண்டாதது என்று முடிவுகட்டி ஒரு பகுதி தூக்கி எறிந்திருந்தது. காவலாளி அதை அந்த வாசலிலேயே பிடித்துவிட்டது. மொஞ்ஜியின் பகுதி, இல்லாத பொருளைக் கையை நீட்டி வாங்கப் போய் விழுந்திருந்தது. தூக்கி எறிந்த பகுதி எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. ரஃபீகா மறுபடி ஓட்டினார். வெட்டாத முழுப் புரோகிராமைக் கொடுத்துப் பார்த்தார். காவலாளியையே சந்தேகப்பட்டு, அதற்கு நல்ல சரக்கைக் கொடுத்து, சும்மா கத்துகிறதா என்றும் பார்த்தார். அது அதே வாசலைத்தான் காட்டியது.

லுத்ஃபி வந்து நின்றார். “யாரு?”

“போனவரோட பகுதி” என்றார் ரஃபீகா.

“எங்க போனவர்?”

“கனடா.”

“கனடா பெரிய நாடாச்சே மதாம் ரஃபீகா. அதுல எந்த ஊரு?”

நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ரஃபீகா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இது நாங்கள் ஜோடித்த சதியோ என்று அவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது.

“மாண்ட்ரியல்” என்றார்.

எழுந்த கூச்சலில் கீழே கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஊரில் இல்லாத ஆள்மேல் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அவரையும் கேட்டாக வேண்டும் என்று ரஃபீகா பிடிவாதம் பிடித்தார். மெஹ்ரெஸுக்கு அங்கே காலை நேரம். ஸ்பீக்கரில் போட்டோம். ரஃபீகா ஆறு வரியையும் படித்துக் காட்டினார்.

“அட, ஆமா. அது என்னோடதுதான்” என்றார் மெஹ்ரெஸ். “கெளம்பற வாரத்துல அந்த எடத்துல ஒரு சந்தேகம் இருந்துது. சொல்ல மறந்துட்டேன்.”

“இத்தன வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்க எல்லாத்துக்கும் என்னைத்தான் சொல்றீங்கன்னு கேள்விப்பட்டேன். பிரிண்டருக்கும் நான், காருக்கும் நான். அதனால நெஜமா எதுவும் இருக்காதுன்னு நெனச்சேன். ஒருத்தர்கூட போன் பண்ணிக் கேக்கலையே லல்லா.”

நாங்கள் எல்லாவற்றுக்கும் மெஹ்ரெஸைச் சொன்னதால்தான் ரஃபீகா சட்டம் போட்டார், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காததும் அதனால்தான். நாங்கள் காரணமில்லாமல் பழித்தோம், அவர் காரணத்தோடு விடுவித்தார். ஆக, அந்த வாசலை இத்தனை வருஷம் யாரும் திறந்து பார்க்கவில்லை.

லுத்ஃபி மொஞ்ஜியின் தோளைத் தட்டினார். “லூப் பகுதி செப்டம்பர்ல போகுது. நாளைக்கு வந்து கையெழுத்துப் போடு.” சற்று நகர்ந்தவர் திரும்பி வந்து, “அந்த மாடியில்லாத கட்டடம் உன் தப்புதானே?” என்றார்.

“என் தப்புதான். சரி பண்ணிட்டேன்.”

“சரி” என்று உள்ளே போய்விட்டார்.

மொஞ்ஜி சுவரில் ஒட்டியிருந்த எட்டு வரியைக் கிழிக்கப் போனான். ரஃபீகா தடுத்து, தானே அதை மடித்து எடுத்துக்கொண்டார். பிறகு கைப்பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். சட்டம் அவர் போட்டது. ஆள் அனுப்பலாம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை.

தட்டு நிறையக் காபியோடு அவர் படியேறி வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றோம். முதல் கோப்பையை மொஞ்ஜியிடம் நீட்டினார். அதன் அருகில் தட்டில் சூரியகாந்தி விதை ஒரு சின்னப் பொட்டலம்.

“உப்புப் போட்டது” என்றார்.

மொஞ்ஜி கோப்பையை வாங்கினான். உடனே குடிக்கவில்லை. மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“லல்லா, நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்களேன்.”

ரஃபீகா அவனை மேலும் கீழும் பார்த்தார். அந்த அலுவலகத்தில் அவர் ஒருவரை மெச்சி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கோப்பையை அவன் கையிலிருந்து வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.